புளி பட்ட கல்

தையல்நாயகிக்கு முதல் கோபம் புளியின் மேல்தான் வந்தது. அதற்கு என்ன தெரியும், பாவம், வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தது. சமையல் மேடையில், அடுப்புக்கும் சிங்குக்கும் நடுவே, கன்னங்கரேலென்று கிடந்த கடப்பாக் கல் ஓர் அப்பளம் அளவுக்கு வெளுத்துப்போயிருந்தது. நேற்று சாயங்காலம் பித்தளை விளக்கைத் தேய்க்க எடுத்த புளி. தேய்த்த மிச்சத்தை இடது கையால் ஓரமாக ஒதுக்கி வைத்தாள், போன் அடித்தது, அண்ணன் பேசினார், பேசி முடித்தபின் புளி என்று ஒன்று உலகத்தில் இருப்பதே மறந்துபோய்விட்டது. விடிய விடிய அது கல்லைத் தின்றிருக்கிறது. கடப்பாக் கல்லுக்குப் புளி ஆகாது, எலுமிச்சம்பழம் ஆகாது, கக்கூஸ் கழுவுகிற ஆசிட் ஆகவே ஆகாது. இது தெரியாதவளா அவள். இந்த வீட்டை வாங்கி மேடை போட்ட நாளிலிருந்து ரசத்துக்குப் புளி கரைப்பதைக்கூட ஒரு தட்டை அடியில் வைத்துத்தான் கரைப்பாள். விருந்தாளிகள் யாராவது ஆசையாக எலுமிச்சம்பழம் நறுக்க வந்தால், பேச்சோடு பேச்சாகப் பலகையை அவர்கள் கையடியில் தள்ளிவிடுவாள். சுகந்தி அண்ணிக்கே ஒரு தடவை தள்ளியிருக்கிறாள். அண்ணி அப்போது ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அண்ணி எதையும் மறக்கிற ரகம் இல்லை. அந்த அண்ணியும் சம்பந்தம் அண்ணனும்தான் சென்னையிலிருந்து காரில் வந்துகொண்டிருக்கிறார்கள், இவளை அழைத்துப்போக. அழைத்துப்போக என்று அண்ணன் சொல்லவில்லை. பார்க்கத்தானே வர்றோம் பாப்பா, என்றுதான் சொன்னார். ஐம்பத்தொரு வயதுத் தங்கையை இன்னமும் பாப்பா என்பார். வந்து பார்க்கிறோம், வீடு எப்படி இருக்கு, அடுப்படி எப்படி இருக்கு, நீ எப்படிப் புழங்குறே, எல்லாம் பார்த்துட்டு முடிவு பண்ணுவோம், எதுக்கும் துணிமணியை எடுத்து வை. எதற்கும் என்ற அந்த ஒரு சொல்லில்தான் புளி மறந்துபோனது. அதை அவரிடம் சொல்ல முடியாது. சொன்னால், பார்த்தியா, ஒரு போன் பேசினதுக்கே மறந்துட்டே, என்பார்.

சரி, ஒரு கை பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். இருப்பதும் ஒரு கைதான். அந்த நினைப்பு அவளுக்கே சிரிப்பை மூட்டியது, சிரித்தபோது வாயின் வலது ஓரம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்துகொண்டது. மேடையில் இருந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுபோனாள். உப்பு ஜாடி, கடுகு டப்பா, எண்ணெய்த் தூக்கு, நேற்றைய முருங்கைக்காய். மற்றவர்கள் ஒரே நடையில் அள்ளிப்போவதை இவள் நடந்து நடந்து கொண்டுபோனாள். பாத்திரம் தேய்க்கிற மேரியைக் கூப்பிட்டிருக்கலாம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்திருப்பாள், நல்ல மனுஷி. வேண்டாம். அண்ணி முதலில் கேட்கிற கேள்வியே, யார் துடைச்சது, என்பதாகத்தான் இருக்கும். நான்தான் அண்ணி என்று சொல்லும்போது கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டும். கிண்ணத்தில் வெந்நீர், பாத்திரம் தேய்க்கிற சோப்பு கொஞ்சம், பழைய டூத்பிரஷ், கிழித்த பருத்தித் துணி. இடுப்பை மேடை விளிம்பில் சாய்த்துக்கொண்டாள், அப்போதுதான் வலது கால் நம்பகமாக நிற்கும். ஈரத் துணியைக் கல்லில் விரித்து, அதன்மேல் வலது முழங்கையிலிருந்து விரல் வரை அப்படியே கிடத்தினாள். அந்தக் கை பிடிக்காது, பிழியாது, ஆனால் கனம் இருக்கிறது. கனத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் அதுவும் ஒரு கைதான். இடது கையால் துணியின் நுனியைப் பற்றி இழுத்தால், மேலே கிடக்கிற வலது கை அழுத்தம் கொடுத்துக்கொண்டே கூட வரும். இதை எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை. ஒரு நாள் எரிச்சலில் கையைத் துணிமேல் எறிந்தாள், துணியை இழுத்தாள், கல் சுத்தமாகியிருந்தது. பிழிவதற்குக் குழாய் இருக்கிறது. துணியைக் குழாயின் கழுத்தில் சுற்றி, இரண்டு முனையையும் சேர்த்து ஒரே கையால் முறுக்கினால் தண்ணீர் சொட்டச் சொட்ட இறங்கிவிடும். குழாய் ஆட்டம் கண்டிருக்கிறது, அது வேறு ஒரு நாள் கவலை. டூத்பிரஷ்ஷால் சிங்க் ஓரத்து வெள்ளை சிமெண்டுக் கோட்டைத் தேய்த்தாள், மஞ்சள்தூள் ஏறி எப்போதும் காமாலைக்காரன் கண்போல இருக்கிற கோடு. அடுப்பைக் கொஞ்சம் நகர்த்தி அடியில் கெட்டியாகிக் கிடந்த பால் கறையை வெந்நீர் ஊற்றி ஊறவிட்டாள். ஊறட்டும். ஊறினால்தான் போகும், சுரண்டினால் கல்லில் கோடு விழும். இதையெல்லாம் அண்ணன் வந்து பார்த்தால் அழுதுவிடுவார், இவ்வளவு கஷ்டப்படுறியே என்பார். கஷ்டம்தான். கஷ்டம் இல்லையென்று யார் சொன்னது. ரயில்வே முன்பதிவுக் கவுண்டரில் கூட்டம் கண்ணாடியை இடிக்கிற நாட்களில் படாத கஷ்டமா, அப்போது யாரும் வீட்டுக்குப் போய் உட்கார் என்று சொல்லவில்லையே. அடுத்த மாதம் மறுபடி வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், விசாரணைக் கவுண்டரில், வாயால் பதில் சொல்கிற வேலை. சென்னைக்குப் போய்விட்டால் அதுவும் போச்சு.

ஊறின பால் கறையைத் துணியால் வழித்தெடுத்தபோது கையில் ஒரு நடுக்கம் வந்தது, அது களைப்பா அந்தச் சமாச்சாரமா என்று உடம்பு ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டது. அந்தச் சமாச்சாரம் என்பது அண்ணன் வைத்த பெயர். பக்கவாதம் என்று அவர் வாய் திறந்து சொன்னதே கிடையாது, சொன்னால் அது திரும்ப வாசல் ஏறிவிடும் என்று பயம். விரல்களை நீட்டினாள், மடக்கினாள். இடது கை சொன்னதைக் கேட்டது. களைப்புதான். அன்றைக்கு இதே இடத்தில்தான் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள். மாவு திடீரென்று கனத்தது, என்னடா இது, தண்ணீர் குறைந்துவிட்டதா என்று பார்த்தால், மாவு மாவாகத்தான் இருந்தது, கைதான் அடுத்தவர் கையாகிவிட்டிருந்தது. மேடை விளிம்பைப் பிடித்தாள், பிடித்தது இடது கை, வலது பக்கம் ஈரச் சேலைபோலச் சரிந்து இறங்கியது. விழுந்தாள் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள், விழவில்லை, கல்லைப் பிடித்தபடியே மெல்ல இறங்கினாள். அதனால்தான் மண்டை உடையவில்லை என்று டாக்டரே சொன்னார். தரையில் கன்னம் பதிந்து கிடந்தபோது மேடையின் அடிப்பக்கம் தெரிந்தது. இத்தனை வருஷம் மேல்பக்கத்தைத் துடைத்துத் துடைத்துக் கண்ணாடியாக வைத்திருந்தவள் அடிப்பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தாள், சாம்பல் நிறம், சொரசொரப்பு, கொத்தனார் சாக்பீஸால் போட்ட ஒரு பெருக்கல் குறி. அந்தக் குறியையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். மேலே அடுப்பு எரிகிற சத்தம். தோசைக்கல் காய்ந்து காய்ந்து புகைய ஆரம்பித்த வாசனை. அணைக்க வேண்டும், அணைக்க வேண்டும் என்று வாய் சொன்னது, சொன்னதாகத்தான் நினைத்தாள், வெளியே வந்தது வேறு ஏதோ. புகை வாசனைக்கு எதிர்வீட்டுக்காரர் கதவை உடைத்துக்கொண்டு வந்தார். அண்ணனுக்கு அவர் போனில் சொன்ன முதல் வாக்கியம், அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு சார். அதுதான் அண்ணனுக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது. தங்கை பிழைத்தது ஏறவில்லை, தங்கை இப்போது ஒரு ஆளுக்குச் சமைத்துச் சாப்பிட்டுப் பாத்திரம் கவிழ்த்து வைக்கிறாள் என்பது ஏறவில்லை, அடுப்பு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது. அவரைக் கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. பயந்த மனுஷர். அம்மா போன பிறகு அவருக்கு ரத்தம் என்று மிச்சம் இருப்பது இவள் ஒருத்திதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அவர் வீட்டுக்குத்தான் போனாள், நடக்கப் பழகும்வரை. குறை சொல்ல முடியாது. சுகந்தி அண்ணி குளிப்பாட்டிவிட்டாள், தலை வாரிவிட்டாள், சேலையை வேண்டாம் என்று நைட்டியில் நிறுத்திவிட்டாள். அந்த வீட்டுச் சமையல் மேடை வெள்ளை, கம்பெனியில் செய்து வருகிற செயற்கைக் கல், எந்தப் புளிக்கும் அசையாது. அங்கே தையல்நாயகிக்கு நுழைய அனுமதி இல்லை. இல்லை என்று யாரும் சொல்லவில்லை, வாசலில் தலை தெரிந்தாலே, என்ன வேணும் நாயகி, இரு நான் கொண்டு வரேன், என்று அண்ணி எழுந்துவிடுவாள். காபி பாதி டம்ளர்தான் வரும், சிந்திவிடும் என்று. பாதி டம்ளர் காபியைக் குடித்துவிட்டு, டிவிக்கு எதிரே போட்ட நாற்காலியில், அடுத்த பாதி டம்ளர் வரும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அன்பாகத்தான் கொடுத்தாள், அதுதான் சிக்கல். திட்டியிருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம். ஊருக்குப் போறேன் என்று இவள் ஒற்றைக்காலில் நின்றபோது அண்ணி ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள், போய்ப் பாரு. அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. போய்ப் பாரு, முடியாது என்று உனக்கே தெரியும். அல்லது, போய்ப் பார், உன்னால் முடியும். இரண்டில் எது என்று இப்போது குனிந்து கல்லைத் தேய்க்கிற போதும் மனசு போட்டு உருட்டியது. அண்ணிக்கு ஒரு பழக்கம் உண்டு, எந்த வீட்டுக்குப் போனாலும் மேடை ஓரத்தில் ஆள்காட்டி விரலை ஓடவிட்டு, பிறகு அந்த விரலைக் கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்ப்பாள். பிசுக்கு இருக்கிறதா, தூசி இருக்கிறதா. ஒன்றும் சொல்ல மாட்டாள். அந்த விரல் இன்றைக்கு இந்தக் கல்லில் ஓடும், சிங்கைத் தாண்டும், அந்த அப்பள வெளுப்பில் வந்து நிற்கும்.

அந்த நினைப்பில்தான் பதறிப்போய் வெளுப்பை மறுபடி தேய்த்தாள். சோப்புப் போட்டு, நாரைப் போட்டு, மூச்சு வாங்கும்வரை. ஈரமாக இருக்கும்போது கருப்பாகத் தெரியும், அப்பாடா என்றிருக்கும். காய்ந்ததும் அதே அப்பளம். அழுக்கு என்றால் போகும், இது அழுக்கு இல்லை, கல்லே அரித்துப்போயிருக்கிறது, இனி மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டால்தான் உண்டு. போகாததைத் தேய்ப்பது முட்டாள்தனம் என்று தெரிந்தே இன்னொரு தடவை தேய்த்தாள். அப்புறம்தான் தேங்காயெண்ணெய் ஞாபகம் வந்தது. கடப்பாக் கல் வைத்திருக்கிற எல்லா வீட்டிலும் தெரிந்த வித்தை, பொங்கலுக்கும் விசேஷத்துக்கும் லேசாக எண்ணெய் தொட்டுத் துடைத்தால் கல் புதுப்பெண்போலக் கருகருவென்று வரும். லேசாகத் தொட வேண்டும். அவள் லேசாகத் தொடவில்லை, பயத்தில் ஊற்றினாள். அப்பளம் கண்ணெதிரே கறுத்தது, கறுத்து மறைந்தது. அந்த இடம் மட்டும் மினுங்கினால் கண்டுபிடித்துவிடுவார்களே என்று அக்கம்பக்கம் பூசினாள், பிறகு ஒழுங்காக இருக்கட்டும் என்று மேடை முழுக்கப் பூசினாள். தள்ளி நின்று பார்த்தபோது ஜோராக இருந்தது. அண்ணி விரல் ஓட்டட்டும், அண்ணன் தலையாட்டட்டும், ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்பட்டும், அடுத்த மாதம் விசாரணைக் கவுண்டர், நல்லபடியாக முடிந்தது. அந்தச் சந்தோஷத்தில் டப்பாக்களைத் திரும்ப எடுத்து வரலாம் என்று, வழக்கம்போல இடது உள்ளங்கையை மேடையில் ஊன்றி வாசல் பக்கம் ஓர் அடி வைத்தாள். கை வழுக்கியது. உள்ளங்கைக்கு அடியில் கல் இல்லாமல் போனது, வெறும் வழவழப்பு, உடம்பு பக்கவாட்டில் சாய்ந்தது, தாடை விளிம்பில் இடித்தது, முழங்கை எங்கோ சிங்க் ஓரத்தில் மாட்டிக்கொண்டதால் நின்றாள். நின்றபடியே இருந்தாள். சமையலறைக்குள் அவள் கைத்தடி கொண்டுவருவதில்லை, இடைஞ்சல். இந்த மேடையைப் பிடித்துக்கொண்டுதான் வாசலிலிருந்து சிங்க், சிங்கிலிருந்து அடுப்பு, அடுப்பிலிருந்து அலமாரி. இத்தனை மாதமாக அவளை நடக்கவைத்த கல்லுக்கு அவளே எண்ணெய் பூசியிருக்கிறாள்.

அட சனியனே என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டினாள். யாருக்காக இந்த மினுமினுப்பு. அவர்கள் ஒரு பொழுது இருந்துவிட்டுப் போய்விடுவார்கள், அப்புறம் ராத்திரிச் சாப்பாட்டுக்கு இதே கல்லைப் பிடித்துக்கொண்டு யார் நடப்பது. பரீட்சையில் பாஸ் பண்ணுவதற்காகக் காலை ஒடித்துக்கொள்கிற கதையாக இருக்கிறது. அப்படியும் மனசின் ஒரு மூலை கெஞ்சியது, அவர்கள் போகும்வரை இருக்கட்டும், ஜாக்கிரதையாக நடந்துகொள்ளலாம், போனதும் கழுவிக்கொள்ளலாம். ஜாக்கிரதையாக எப்படி, அவர்கள் கண் முன்னால் ஒரு தடவை வழுக்கினால் போதுமே, பெட்டி கட்டிவிடுவார்கள். வழுக்கவில்லை என்றாலும், பளபளவென்ற மேடையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடப் பயந்து நிற்பாள், அங்கே சென்னையில் நின்ற மாதிரியே. இங்கேயும் அப்படி நிற்பதற்கு அங்கேயே நின்றுவிடலாம். அது போதும், முடிவாகிவிட்டது. கடலைமாவு டப்பாவைத் திறந்து கல் முழுக்கத் தூவினாள், எண்ணெயை அது குடிக்கும். ஆறு மாதம் முந்தி என்றால் இத்தனை மாவை வீணாக்க மனசு வந்திருக்காது. மாவு மஞ்சள் களிம்பாகத் திரண்டதும் வழித்துப் போட்டாள், வெந்நீரும் சோப்பும் விட்டு, துணியில் வலது கையைக் கிடத்தி, இழுத்தாள். குழாயில் சுற்றிப் பிழிந்தாள், இழுத்தாள். விரலைக் கல்லில் அழுத்தி இழுத்துப் பார்த்தாள். இன்னும் வழுக்கியது. மறுபடி மாவு, மறுபடி வெந்நீர். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது, வலிக்கட்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் அந்த வெளுப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது, வரட்டும். கடைசியாகக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு உள்ளங்கையை ஊன்றி முழுக் கனத்தையும் போட்டாள். கை நின்றது. கல் குளிர்ச்சியாக, கெட்டியாக, சொன்ன பேச்சுக் கேட்கிற கல்லாக இருந்தது. நடுவே அப்பளம் பளிச்சென்று தெரிந்தது.

டோல்கேட் தாண்டிட்டோம் என்று போன் வந்த பிறகு டப்பாக்களை அடுக்கி, அடுப்பில் பாலை வைத்துச் சிறுதீயில் விட்டாள். காலிங்பெல் அடித்தது. அண்ணன் கையில் ஒரு பெட்டி இருந்தது, அவர் அதைப் பிடித்திருந்த லாவகத்திலேயே அது காலிப் பெட்டி என்று தெரிந்தது. பின்னால் அண்ணி, கூந்தலில் பாதி வாடின மல்லிகை.

"எப்படி இருக்கே பாப்பா?"

"நல்லா இருக்கேன்ண்ணா. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை. நேரே சமையலறைக்குள் போனார், அண்ணியும் போனாள். தையல்நாயகி போய்ச் சேர்ந்து வாசலோர மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அண்ணியின் விரல் சிங்கைத் தாண்டிக்கொண்டிருந்தது. தாண்டியது, நின்றது.

"இதென்ன நாயகி, இப்படி வெளுத்துக் கிடக்கு?"

"புளி அண்ணி. நேத்து வச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

அண்ணன் பெட்டியைத் தரையில் வைத்தார். "மறந்துட்டியா. இன்னைக்குப் புளியை மறக்கிறே, நாளைக்கு கேஸை மறந்தா? அன்னைக்கு மாதிரி அடுப்பு எரிஞ்சுக்கிட்டே இருந்தா யாரும்மா வருவா?"

"அன்னைக்கு மறக்கலைண்ணா. அன்னைக்குக் கை கால் விழுந்துடுச்சு. ரெண்டும் வேற."

அவர் அடுப்பையே பார்த்தார். அண்ணிதான் கல்லைக் குனிந்து பார்த்துக்கொண்டே கேட்டாள். "கொஞ்சம் எண்ணெய் தொட்டு வச்சிருந்தா எங்க கண்ணுக்கே தெரிஞ்சிருக்காதே. அது உனக்குத் தெரியாதா என்ன?"

"தொட்டு வச்சேன் அண்ணி. கை வழுக்கிடுச்சு. நான் இதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறேன். அதான் கழுவிட்டேன்."

அடுப்பில் பால் ஏறுகிற சத்தம் கேட்டது. சிறுதீ என்றாலும் பால் பால்தான், நுரை கட்டிப் பாத்திரத்தின் கழுத்துக்கு வந்துவிட்டது. அண்ணன் அடுப்பை நோக்கிப் பாய்ந்தார். அண்ணி அவர் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"விடுங்க. பார்ப்போம்."

சோதித்துப் பார்ப்பதா, நம்பிப் பார்ப்பதா, அண்ணியின் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. எதுவாக இருந்தால் என்ன, பார்க்கட்டும் என்று தையல்நாயகி நினைத்தாள். உள்ளங்கையை ஊன்றினாள், காலை இழுத்துப் போட்டாள். இருவரும் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். பால் விளிம்புக்கு வந்துவிட்டது, அவசரப்பட்டால் விழுவாள், அவள் அவசரப்படவில்லை. சிங்க் ஓரம், அப்புறம் வெளுத்த இடம், அங்கேதான் கையை நன்றாக அழுத்தி ஊன்ற முடிந்தது, அரித்த கல் என்பதால் மற்ற இடத்தைவிட அங்கே பிடிமானம் கூடுதல். இடுப்பை விளிம்பில் சாய்த்து, கையை விடுவித்து, அடுப்புக் குமிழைத் திருகி அணைத்தாள். நுரை ஒரு கணம் விளிம்பில் நின்று யோசித்துவிட்டு உள்ளே இறங்கியது. அவள் திரும்பவில்லை.

"பெட்டியை மறுபடி கார்ல வச்சிடுங்கண்ணா, நான் வரலை," என்றாள். "அண்ணி, உங்களுக்குச் சர்க்கரை கம்மியாத்தானே?"